சிகிச்சைக்குப் பின் முகத்தில் எந்த நீரைத் தெளிக்கலாம்?



முகப்பருத் தழும்பு, கரும்புள்ளி, மங்கு ஆகியவற்றிற்காகக் கெமிக்கல் பீல், லேசர், மைக்ரோநீட்லிங் எனப்படும் நுண்ணூசிச் சிகிச்சை போன்றவற்றை நாடி எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் பலர். புதுக்கோட்டை நகரத்திலிருந்து மட்டுமல்லாமல், கீரமங்கலத்துப் பூந்தோட்டங்களிலிருந்தும், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். சிகிச்சை முடிந்து எழுந்ததும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “முகம் எரிகிறது, எதையாவது தெளித்துக்கொள்ளலாமா?” அக்கேள்விக்கு முழுமையான விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தவறும் அது கற்பித்த பாடமும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருமணத்திற்கு மூன்று வாரம் இருந்த நிலையில் ஓர் இளம்பெண் எங்களிடம் வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டு விவரங்கள் சிலவற்றை மாற்றியுள்ளோம்.) பருவினால் வந்த கரும்புள்ளிகளுக்காக மேலோட்டமான பீல் சிகிச்சை செய்தோம். “எரிச்சல் இருந்தால் குளிர்ந்த நீரைத் தெளித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டாம் நாள் முகம் எரிந்தது. மகளின் துன்பத்தைக் காணப் பொறுக்காத தாய், கடையில் வாங்கிய பன்னீரில் குழாய்நீரைக் கலந்து, சிறிது சந்தனமும் கரைத்து, துணி இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் பாட்டிலில் ஊற்றி, மணிக்கு ஒருமுறை தெளித்தார். தெளித்த அந்த நொடியில் இதமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் முகம் சிவந்து, சிறு சீழ்க்கொப்புளங்கள் தோன்றின. கொப்புளங்கள் மருந்தால் ஆறின. ஆனால் அவை இருந்த இடமெல்லாம் பழுப்புக் கறையாக மாறியது. மணமேடையில் அப்பெண் கறையோடுதான் அமர்ந்தார். கறை மறையப் பல மாதங்கள் ஆயின.

அந்தத் தாய் எங்கள் முன் அமர்ந்து, “நான்தான் கெடுத்துவிட்டேன்” என்று அழுதார். அவர் மீது குற்றமில்லை. நீரைத் தெளிக்கச் சொன்னவர்கள் நாங்கள். எந்த நீர், எந்தப் பாட்டில், ஒரு நாளில் எத்தனை முறை, தெளித்தபின் எதைப் பூசுவது என்னும் நான்கையும் சொல்லாமல் விட்டவர்களும் நாங்களே. திருமணத்திற்கு இவ்வளவு அருகில் முதன்முறையாகப் பீல் செய்ததும் எங்கள் பிழையே. அதன்பின் இரண்டு வழக்கங்களை மாற்றிக்கொண்டோம். விசேஷ நாளுக்கு இரண்டு மாதத்திற்குள் முதன்முறைப் பீல் செய்வதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நான்கு விடைகளையும் சீட்டில் எழுதித் தருகிறோம். அச்சீட்டில் இருப்பதற்கான காரணங்களையே இங்கு விளக்குகிறோம்.

தோல் என்னும் மதில்

நம் மாவட்டத்தில் இராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களில் உள்ள நகரத்தார் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லை அடுக்கி, இடையில் சுண்ணாம்புச் சாந்து இட்டு, மேலே வழவழப்பாகப் பூசிய சுவர்கள் அவை. அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் எலியாஸ் தோலின் மேலடுக்கை இத்தகைய சுவருக்கே ஒப்பிட்டார். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவரின் கனம் முகத்தில் மிகக் குறைவு. ஒரு தாளின் கனத்தைவிடவும் குறைவு. ஆயினும் உடலின் நீர் வெளியே போகாமல் காப்பதும், வெளியிலுள்ள கிருமியும் வேதிப்பொருளும் உள்ளே வராமல் தடுப்பதும் அதுவே.

இச்சுவரின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஷாடே, மார்க்கியோனினி ஆகிய இருவரும் 1928-ஆம் ஆண்டில் இதனை ‘அமிலப் போர்வை’ என்று அழைத்தனர். நலமான தோலின் பி.ஹெச். அளவு ஏறக்குறைய 5. குளியல் சோப்பின் அளவோ 9 முதல் 10 வரை. அமிலத்தன்மை குறைந்தால் சாந்து உருவாவது தாமதமாகும். கிருமிகள் பெருக வழி ஏற்படும்.

பீல் சிகிச்சையில் நாங்கள் அமிலத்தைக் கொண்டு மேல்வரிசைச் செங்கற்களை வேண்டுமென்றே உதிர்க்கிறோம். லேசரில் வெப்பத்தால் தோலைத் தூண்டுகிறோம். நுண்ணூசிச் சிகிச்சையில் சுவரில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள் இடுகிறோம். பழைய சுவரைச் சற்றே இடித்துப் புதிதாகக் கட்டத் தூண்டுவதே இச்சிகிச்சைகளின் அடிப்படை. எனவே அடுத்த சில நாள்களுக்குச் சுவர் திறந்திருக்கிறது. வழக்கமான நாளில் தீங்கு செய்யாத பொருளும் அந்நாள்களில் உள்ளே புகுந்து தீங்கு செய்யும். நுண்ணூசிச் சிகிச்சையின்போது பூசிய அழகுப் பொருள்கள் உள்ளே சென்று, முகத்தில் ஒவ்வாமைக் கட்டிகளை உண்டாக்கிய மூன்று நிகழ்வுகளை அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்று 2014-இல் வெளியிட்டது. அப்பொருள்கள் நஞ்சல்ல, மூடிய தோலுக்கென்று செய்யப்பட்டவை. திறந்த தோலில் இட்டதே பிழை.

நம் நிறத்திற்கு உரிய எச்சரிக்கை

தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் மருத்துவர் 1975-இல், வெயிலுக்குத் தோல் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறது என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தும் முறையைத் தந்தார். பின்னர் விரிவுபடுத்தப்பட்ட அம்முறையில் ஆறு வகைகள் உள்ளன. தமிழ்நாட்டினர் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளுள் அடங்குவர். நம் தோலில் நிறமி மிகுதி. வெயிலின் கேட்டிலிருந்து அது நம்மைக் காக்கிறது. ஆனால் அதே நிறமிச் செல்கள் அழற்சி ஏற்பட்டால் தூண்டப்பட்டு, தேவைக்கு மேல் நிறமியைச் சொரிகின்றன. சிவந்த இடம் ஆறியபின் பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும்.

ஆகவே வெள்ளைத் தோலினருக்குச் சில நாள் சிவப்போடு முடியும் எரிச்சல், நமக்குப் பல மாதக் கறையாக மாறக்கூடும். கரும்புள்ளியைப் போக்க வந்தவர் புதிய கரும்புள்ளியோடு நிற்கும் நிலை இவ்வாறுதான் உண்டாகிறது. சிகிச்சைக்குப் பின் எரிச்சலைத் தணிப்பதும், புதிய எரிச்சலை உண்டாக்காதிருப்பதும் வெறும் சுகத்திற்காக அல்ல; சிகிச்சையின் பலனே அதில் அடங்கியுள்ளது.

தெளிப்பு என்ன செய்யும், என்ன செய்யாது

மென்மையான நீர்த்தெளிப்பு மூன்று நன்மைகளைத் தரும். ஒன்று, குளிர்ச்சி, அதனால் எரிச்சலும் அரிப்பும் குறைகின்றன. இரண்டு, கை படாமல் முகத்தை நனைக்கலாம். தேய்த்தல், துடைத்தல் ஆகியவற்றால் வரும் உராய்வு இல்லை. மூன்று, தோல் நனைந்திருக்கும்போது பூசும் களிம்பு எளிதில் பரவி, அந்த ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்.

செய்ய இயலாதவையும் உண்டு. தெளிப்பு சுவரைக் கட்டாது. கிருமித்தொற்றைக் குணப்படுத்தாது. வெயிலைத் தடுக்காது. மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெளித்த நீரை அப்படியே காற்றில் காயவிட்டால், சிறிது நேரத்தில் தோல் முன்பைவிட இறுக்கமாக வறண்டுபோகும். நம் ஊர்க் கத்திரி வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் இது இன்னும் விரைவாக நடக்கும். வறட்சியைப் போக்க மீண்டும் தெளிப்பார்கள், மீண்டும் வறளும். மேற்சொன்ன பெண்ணுக்கு மணிக்கு ஒருமுறை தெளிக்கத் தோன்றியதன் காரணம் இதுவே. தெளித்தால் ஒற்றியெடுக்க வேண்டும். ஒற்றியதும் களிம்பு பூச வேண்டும். களிம்பு இல்லாத தெளிப்பு பாதி வேலையே.

பிரான்சு நாட்டு ஊற்றுநீர்

தோலுக்கென்று நீரைத் தெளிக்கும் மருத்துவ மரபு பிரான்சு நாட்டில் ஊற்றுநீர் மருத்துவத்திலிருந்து வளர்ந்தது. அந்நாட்டின் தென்பகுதியில் உள்ள அவென் என்னும் சிற்றூரில், தோல் நோயுற்ற குதிரை ஒன்று ஊற்றில் குளித்துக் குணமடைந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1743-இல் அங்கு நீர்மருத்துவ நிலையம் தொடங்கியது வரலாறு. இன்றும் கரப்பான், சொரியாசிஸ், தீக்காயத் தழும்பு உடையோர் அங்குச் சென்று தங்கிச் சிகிச்சை பெறுகின்றனர். அந்நீரை அடைத்து விற்கும் அழகுப் பொருள் நிறுவனம் 1990-இல் தோன்றியது. லா ரோஷ் போசே என்னும் மற்றோர் ஊரின் ஊற்றுநீரும் அவ்வாறே உலகெங்கும் விற்பனையாகிறது. நம் நாட்டு மருந்துக் கடைகள் சிலவற்றிலும் இவை கிடைக்கின்றன.

லேசருக்கும் பீலுக்கும் பின் இத்தகைய நீரைத் தெளித்தால் எரிச்சலும் சிவப்பும் குறைவதாக ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றுள் பல, அந்நீரை விற்கும் நிறுவனங்களின் ஆதரவுடன் நடந்தவை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். எங்கள் கருத்தில், அந்நீரின் தாதுக்களைவிட அதை அடைக்கும் முறையே நாம் கற்க வேண்டிய பாடம். கிருமி புகாதவாறு அடைத்து, நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தால் வெளிவருமாறு செய்கிறார்கள். அழுத்தினால் நீர் வெளியே வரும். வெளிக்காற்று உள்ளே போகாது. அதனால் கெடாமல் காக்கும் வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டியதில்லை.

நல்ல தெளிப்பு எவ்வாறு உருவாகிறது

மென்மையான தெளிப்பை உருவாக்குவது எளிதன்று. உள்ளே என்ன சேர்ப்பது என்பதைவிட, எதை விலக்குவது என்பதே கடினமான பகுதி. படிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்படி நீர். குழாய்நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள உப்புகளும் கிருமிகளும் இடத்துக்கு இடம் மாறுபடும். ஆகவே தூய்மைப்படுத்தி, கிருமி நீக்கிய நீரே அடிப்படை.

இரண்டாம் படி உப்பின் அளவு. நம் உடல்நீரின் அடர்த்தியும் தெளிக்கும் நீரின் அடர்த்தியும் ஒத்திருந்தால் புண்பட்ட செல்கள் வீங்குவதுமில்லை, சுருங்குவதுமில்லை. 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் உப்புள்ள ‘நார்மல் சலைன்’ இவ்வடர்த்தியை உடையது. நரம்பு வழி ஏற்றும் அதே உப்புநீர்தான் இது. திறந்த தோலில் வெறும் நீர் காந்தும்போதும் இது காந்தாமலிருப்பது இதனால்தான்.

மூன்றாம் படி அமிலத்தன்மை. தோலின் இயல்பான அளவான 5-ஐ ஒட்டி அமைக்கிறார்கள்.

நான்காம் படி ஈரம் பிடிக்கும் பொருள். கிளிசரின், பாந்தினால் ஆகியவை சிறிதளவு சேர்க்கப்படும். அளவு மிகுந்தால் பிசுபிசுப்பும் எரிச்சலும் வரும்.

ஐந்தாம் படி விலக்குதல். மணம், நிறம், ஆல்கஹால், வாசனை எண்ணெய்கள், மெந்தால் ஆகியவை இருக்கக் கூடாது. மெந்தால் தரும் குளிர்ச்சி நரம்பை ஏமாற்றுவதால் வருவது. தோலின் வெப்பம் அதனால் குறைவதில்லை. மணப்பொருள்கள் தொடு ஒவ்வாமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

ஆறாம் படி கெடாமல் காப்பது. இதுவே பெரிய சிக்கல். நீர் உள்ள எப்பொருளிலும் கிருமி வளரும். அதைத் தடுக்கப் பாதுகாப்புப் பொருள் தேவை. ஆனால் அப்பொருளே உணர்திறன் மிக்க தோலை எரிக்கலாம். மெத்தில் ஐசோதயசோலினோன் என்னும் பாதுகாப்புப் பொருள் ஒரு காலத்தில் பலவற்றிலும் சேர்க்கப்பட்டது. அதனால் ஒவ்வாமை பெருகவே, அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் அதனை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என அறிவித்து எச்சரித்தது. இச்சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, காற்றுப் புகாத அழுத்தக் குப்பி. மற்றொன்று, ஒரே முறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பி.

ஏழாம் படி துளியின் அளவு. துளி 10 மைக்ரோமீட்டருக்கும் சிறியதானால் மூச்சு வழியாக நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஆகவே அதைவிடப் பெரிய துளிகளாக வரும்படி தெளிப்பானின் வாயை அமைக்கிறார்கள். மிகப் பெரிய துளியானால் முகத்தில் வடிந்துவிடும்.

எட்டாம் படி சோதனை. 40 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்து, நிறமும் தன்மையும் மாறுகின்றனவா எனப் பார்க்கிறார்கள். வேண்டுமென்றே கிருமியைச் சேர்த்து, அது பெருகுகிறதா அழிகிறதா என ஆராய்கிறார்கள். பின்னர்த் தன்னார்வலர்களின் முதுகில் ஒட்டு வைத்து 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் அழகுப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

அண்மைக்காலமாக ஹைப்போகுளோரஸ் அமிலத் தெளிப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல உருவாக்கும் பொருளே அது. மிகக் குறைந்த செறிவில் தரமாகத் தயாரித்தது சிலருக்குப் பயன்படும். ஆனால் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது விரைவில் வலுவிழக்கும். இங்கே ஒரு கடும் எச்சரிக்கை: வீட்டிலுள்ள பிளீச்சிங் பவுடரையோ கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையோ நீரில் கரைத்து இதற்கு ஈடாக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

பன்னீர், கற்றாழை, எலுமிச்சை

கல்யாண வீட்டு வாசலில் வருவோர் மீது பன்னீர்ச் செம்பால் தெளித்து வரவேற்பது நம் மரபு. நலமான தோலில் நான்கு துளி பன்னீர் தீங்கு செய்யாது. ஆனால் கடையில் விற்கும் பன்னீரில் பல, நீரில் செயற்கை மணம் சேர்த்தவை. உண்மையான பன்னீரிலும் ரோஜாவின் மணப்பொருள்கள் இயல்பாகவே உண்டு. சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரம் பன்னீர் வேண்டாம்.

கற்றாழையை ஒடித்தால் முதலில் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். உள்ளிருக்கும் சோற்றுப்பகுதி மென்மையானதே. எனினும் தோட்டத்திலிருந்து எடுத்தது கிருமியற்றதன்று. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருங்கறையும் உண்டாகும். மஞ்சள், சந்தனம், கடலைமாவு, வேப்பிலை நீர் ஆகிய அனைத்தையும் இந்நாள்களில் ஒதுக்கி வையுங்கள். இவை கெட்டவை என்று நாங்கள் சொல்லவில்லை. சுவர் திறந்திருக்கும் நாளில் விருந்தினரை உள்ளே விடலாகாது என்றுதான் சொல்கிறோம்.

பாட்டிலும் நீரளவு முக்கியமானது. இஸ்திரிப் பாட்டில், முடிதிருத்தும் கடைப் பாட்டில், செடிக்குத் தெளிக்கும் பாட்டில் எதுவும் ஆகாது. கழுவினாலும் குழாயின் உட்புறத்தில் கிருமிப் படலம் ஒட்டியிருக்கும். சூடோமோனாஸ் என்னும் கிருமி ஈரமான பாட்டிலில் செழித்து வளரக்கூடியது. பூச்சிமருந்து தெளித்த பாட்டிலை வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தவே கூடாது.

எங்கள் சீட்டில் உள்ள நான்கு விடைகள்

மேலோட்டமான பீல், மென்மையான லேசர், நுண்ணூசிச் சிகிச்சை ஆகியவற்றிற்கு இவை பொருந்தும். தோலை ஆழமாக அகற்றும் லேசருக்குத் தனிச் சீட்டு உண்டு, அதையே பின்பற்றுங்கள்.

எந்த நீர்? மருந்துக் கடையில் கிடைக்கும் மூடி திறக்காத நார்மல் சலைன், அல்லது நாங்கள் பெயர் எழுதித் தந்த அழுத்தக் குப்பித் தெளிப்பு. விலையுயர்ந்த தெளிப்பை வாங்க இயலாதோர் வருந்த வேண்டியதில்லை; சலைன் போதும்.

எந்தப் பாட்டில்? சலைனைத் தெளிப்பானில் ஊற்ற வேண்டாம். அதன் குப்பியிலிருந்தே கிருமி நீக்கிய காஸ் துணியில் ஊற்றி, பிழிந்து, முகத்தின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் பரப்பி வையுங்கள். திறந்த குப்பியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். பனிக்கட்டியை நேரடியாக முகத்தில் வைக்க வேண்டாம்.

எத்தனை முறை? முதல் இரண்டு நாள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை. அழுத்தக் குப்பியானால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடி, மூச்சைச் சற்று நிறுத்தித் தெளியுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியிலோ அடுப்பருகிலோ குப்பியை வைக்காதீர்கள். வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும்.

பின்னர் என்ன பூசுவது? அரை நிமிடம் விட்டு, தூய மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் முழுதும் காயுமுன் நாங்கள் எழுதித் தந்த மணமற்ற களிம்பைப் பூசுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை தோல் உரியும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், தானாக உதிரட்டும். நாங்கள் சொல்லும் நாளிலிருந்து எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில்காப்புக் களிம்பைப் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். பூப்பறிக்கவோ மீன் ஏலத்திற்கோ விடியலில் செல்வோர், அந்த ஒரு வாரத்திற்கு வேலையை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள இயலுமா எனப் பாருங்கள். இயலாவிடில் சிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள். வெயில் தணிந்த மாதத்திற்குத் தள்ளிவைக்கலாம். குடையும், முகத்தில் உரசாத பருத்தித் துணியும் துணையாகட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இந்தியாவில் அழகுப் பொருள்களுக்கென்று தனி விதிகள் 2020-இல் அறிவிக்கப்பட்டன. தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய இறுதி நாள், உட்பொருள்களின் பட்டியல் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத தெளிப்பை, யார் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள். ‘இயற்கை’, ‘மூலிகை’ என்ற சொற்கள் மென்மைக்குச் சான்றல்ல. உட்பொருள் பட்டியல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று.

சிகிச்சைக்கு முன் எங்களிடம் மறைக்க வேண்டாதவை

சிலரின் தோல், சிகிச்சைக்கு முன்பே மெலிந்து சிவந்து, எதைத் தொட்டாலும் எரியும் நிலையில் இருக்கிறது. விசாரித்தால், முகம் வெளுக்க என்று ஏதோ ஒரு கிரீமை மாதக்கணக்கில் பூசியிருப்பார்கள். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மைய அரசு 2018-இல் விதியைக் கடுமையாக்கியது. ஆயினும் அவை கைக்குக் கை மாறி வருகின்றன. அத்தகைய தோலில் உடனே பீல் செய்வதில்லை. முதலில் தோலைத் தேற்றுகிறோம். கிரீம் பயன்படுத்தியதைச் சொல்லத் தயங்காதீர்கள். எவரையும் நாங்கள் கடிந்துகொள்வதில்லை. உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருவதுண்டா, கருவுற்றிருக்கிறீர்களா, பருவுக்கு மாத்திரை உட்கொள்கிறீர்களா என்பவற்றையும் தெரிவியுங்கள்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

எரிச்சல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பின் அது கூடினால் காத்திருக்க வேண்டாம். சீழ், தேன்நிறப் பொருக்கு, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல், ஓரிடம் மட்டும் கருத்து வருதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். வீட்டில் தெளித்த பொருளையும் பூசிய பொருளையும் உறையோடு எடுத்து வாருங்கள். அழற்சியை முதல் நாளிலேயே தணித்தால் கறை படியாமல் பெரும்பாலும் தடுக்கலாம்.

பேணுவோருக்கு ஒரு சொல்

கண்ணெதிரே பிள்ளையின் முகம் சிவந்து எரியும்போது எதையாவது செய்ய வேண்டும் என்று கை துடிப்பது இயல்பு. பாட்டி சொன்னது, பக்கத்து வீட்டார் சொன்னது, கைபேசியில் கண்டது எல்லாம் அப்போது நினைவுக்கு வரும். அந்நேரத்தில் குறைவாகச் செய்வதே நிறைவாகச் செய்வது. சலைன், சுத்தமான துணி, மணமற்ற களிம்பு, நிழல் ஆகிய நான்கும் போதும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், சேர்ப்பதற்கு முன் சீட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்து எங்களிடம் கேளுங்கள். “இதற்குப் போய் டாக்டரைத் தொந்தரவு செய்வதா?” என்று எண்ண வேண்டாம். அந்தத் தாய் அன்று ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால் என்று நாங்கள் பலமுறை எண்ணியதுண்டு. கேட்கலாம் என்று அவருக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு இப்போது சொல்கிறோம்.